கேரியர் இல்லாத பச்சை வண்டி

கடற்கரையில் பிறந்துவிட்டு, கடலில் இறங்கினால் வாந்தி எடுக்கிற மனுஷன் உண்டா என்றால், உண்டு. மாமல்லபுரத்துக்குத் தெற்கே ஒரு குப்பத்தில் இருந்த தேசப்பன் அப்படித்தான். கட்டுமரத்தில் ஏற்றி அரை மைல் தள்ளிக்கொண்டு போனால் போதும், குடலே வெளியில் வந்துவிடும். அண்ணன்மார்கள் பத்துத் தடவை ஏற்றிப் பார்த்தார்கள். "இவன் கரையிலயே கெடக்கட்டும், மரத்த நாறடிக்கிறான்" என்று விட்டுவிட்டார்கள். அப்படிக் கரையில் கிடந்தவனுக்குக் கல்பாக்கத்தில், அணுமின் நிலையம் கட்டிக்கொண்டிருந்த இடத்தில், ஸ்டோரில் சாமான் தூக்கி அடுக்குகிற கலாசி வேலை கிடைத்தது. காக்கிச் சட்டை, காக்கிக் கால்சட்டை, மாசம் பிறந்தால் சம்பளம். குப்பத்தில் அதுவரைக்கும் மாசச் சம்பளம் வாங்கின முகம் ஒன்றுகூடக் கிடையாது. அவனுக்குத் தலைகால் புரியவில்லை.

வீட்டிலிருந்து வேலைக்கு ஏழு மைல். பஸ் வந்தால்தான் வந்த மாதிரி. ஏழரைக்குச் சங்கு ஊதி கேட்டை மூடிவிடுவார்கள்; அப்புறம் போய் நின்றால் அரை நாள் போச்சு. ஓடியும் நடந்தும் லாரியில் தொற்றியும் ஒரு வருஷம் ஓட்டிவிட்டு, எழுபத்து மூன்றாம் வருஷம் சைக்கிள் வாங்குவதென்று முடிவு செய்தான்.

அவன் பெண்டாட்டி சொர்ணத்துக்கும் அதே ரோடுதான். கல்பாக்கத்தில் வேலைக்காரர்களும் ஆபீசர்களும் வந்து குடியேறியதிலிருந்து பக்கத்துப் புதுப்பட்டினம் மார்க்கெட்டில் மீனுக்கு நல்ல விலை. விடியும்போது கரையேறுகிற மீனை ஏலத்தில் எடுத்து, கூடையில் அடுக்கி, தலையில் சும்மாடு வைத்து, ஐந்தரை மணிக்குக் கிளம்பிவிடுவாள். மீன் கூடையைக் கண்டால் எந்த பஸ்ஸும் நிற்காது. ஏழு மைலும் நடைதான். நடுவில் இறக்கி வைத்து இளைப்பாறவும் முடியாது. இறக்கினால் திரும்பத் தலைக்கு ஏற்றிவிட இன்னொரு ஆள் வேண்டும். அதனாலேயே பக்கத்து வீட்டு வசந்தாவும் அவளும் ஜோடியாகப் போவார்கள்.

சைக்கிள் பேச்சு வந்த அன்றைக்கு அவள் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"வண்டி எடுக்கறதுதான் எடுக்கற, பின்னால கெட்டி கேரியரா பாத்து எடுயா. நானும் கூடையும் ஏறிக்கிறாப்பல."

"சரி சரி" என்றான் தேசப்பன். வண்டிக்குப் போட்ட பணத்தில் பாதி அவள் மீன் விற்ற பணம். அதை அவள் சொல்லிக்காட்டவில்லை. இங்கே சொல்லாமல் விட்டால் நியாயமாகாது.

தேசப்பனின் மனசு அப்போது வேறு எங்கோ இருந்தது. ஸ்டோரில் கிளார்க்காக ராமதாஸ் என்று ஒருவர், மதுராந்தகத்துக்காரர், இளம் வயசு. அவரும் இன்னும் மூன்று பேரும் ஞாயிற்றுக்கிழமையானால் சைக்கிளை எடுத்துக்கொண்டு எங்கேயாவது கிளம்பிவிடுவார்கள். ஒரு வாரம் திருப்போரூர், ஒரு வாரம் வேடந்தாங்கல், மழை இல்லாவிட்டால் முட்டுக்காடு வரைக்கும். பையில் புளிசாதம், தோளில் தண்ணீர் பாட்டில். திங்கட்கிழமை வந்து அந்தக் கதையையே பேசிக்கொண்டிருப்பார்கள். தேசப்பன் இரும்புக் குழாய்களை எண்ணி அடுக்கியபடியே காதைத் தீட்டிக்கொண்டு கேட்பான். ஒரு நாள் ராமதாஸ், "நீயும் ஒரு வண்டி எடு தேசப்பா, சேந்து போலாம்" என்று சொல்லிவிட்டார். போதாதா? அன்றிலிருந்து தூக்கமில்லை.

அதே ஸ்டோரில் இன்னொன்றும் நடந்துகொண்டிருந்தது. அவன் உள்ளே நுழைந்தால், "இன்னாப்பா, இன்னிக்கி நெத்திலியா, காரப்பொடியா?" என்று யாராவது மீன் வாடைக்கு மூக்கைச் சுருக்குவார்கள். விளையாட்டுக்குத்தான். ஆனால் சோப்புப் போட்டுச் சோப்புப் போட்டுத் தேய்த்து அவன் கழுத்தெல்லாம் சிவந்து கிடந்தது யாருக்குத் தெரியும்?

லீவு போட்டுவிட்டுச் செங்கல்பட்டுக்குப் போனான். ஸ்டேஷன் ரோட்டில் பாலசுப்ரமணியன் என்பவரின் சைக்கிள் கடை. மனுஷர் வாய் ஓயாமல் பேசுவார். ஆனால் தப்பான வண்டியை யார் தலையிலும் கட்டமாட்டார்.

"தம்பி, ஒனக்கு இன்னாத்துக்கு வண்டி, அத்த மொதல்ல சொல்லு. தெனம் எத்தினி மைலு?"

"போக ஏழு, வர ஏழு. ஞாயித்துக்கெழமைல டூரு போவணும், ஒரு முப்பது நாப்பது மைலு."

"சரக்கு ஏத்துவியா? ஆளு ஏறுமா?"

தேசப்பன் ஒரு நிமிஷம் கூரையைப் பார்த்தான். "எப்பனா" என்றான்.

அவர் முதலில் கறுப்பு ஸ்டாண்டர்டு வண்டியைக் காட்டினார். இரட்டை பார், கட்டில் மாதிரி கேரியர், முழு செயின் கவர். "இது யானை. நெல்லு மூட்டையே ஏத்தலாம். ஆனா ஏழு மைலு எதிர்க்காத்துல மிதிச்சா காலு கழண்டுடும்." அடுத்தது ஸ்போர்ட்ஸ் மாடல். சுத்தப் பச்சை. இருபத்தாறு இஞ்ச் சக்கரம், ஒல்லி டயர், நேர் ஹேண்டில்பார், கேபிள் பிரேக், பாதி செயின் கவர். ஒரு கையால் தூக்கினான். அப்படியே மேலே வந்தது. கடைக்காரர் ஓட்டிப் பார்க்கச் சொன்னார். கொளவாய் ஏரிக்கரையோரமாக ஒரு ஓட்டம் போய்வந்தான். தரையே தெரியவில்லை. கட்டுமரத்தில் ஏறினால் குமட்டுகிறவனுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது, வேகம் என்பது வயிற்றைப் புரட்டாமலும் இருக்கும் என்று.

"இதான் வேணும்" என்று மூச்சு வாங்க வந்து நின்றான்.

"நல்ல செலக்சன். இந்தா பாரு, கேரியரு வண்டியோடயே வருது. நாலு போல்ட்டுதான். டயரு மட்டும் கொஞ்சம் தடியா மாத்தித் தரேன். கேரியர முடுக்கிட்டோம்னா வேலைக்கும் ஆச்சு, டூருக்கும் ஆச்சு, வூட்டுக்காரம்மா ஒக்காந்துகினும் போலாம். வேகம் ஒண்ணும் கொறஞ்சிடாது."

இதைவிட ஒரு மனுஷர் எப்படி எடுத்துச் சொல்ல முடியும்? வேகத்துக்கு வேகம், ஆளுக்கு ஆள், சரக்குக்குச் சரக்கு. வேண்டியதெல்லாம் ஒரே வண்டியில் கையில் வந்து நின்றது. தேசப்பன் அந்தக் கேரியரைப் பார்த்தான். அதன் மேல் கூடை உட்கார்ந்திருப்பதும், மீன் தண்ணீர் சொட்டுச் சொட்டாகப் பின் சக்கரத்தில் வழிவதும், ஸ்டோர் ஷெட்டில் ராமதாஸ் வண்டிக்குப் பக்கத்தில் அது நாறிக்கொண்டு நிற்பதும் கண்ணுக்கு முன்னால் வந்தது.

"கேரியரு வேணாம் சார். வெயிட்டு ஏறும்."

"இன்னா வெயிட்டு? வாழக்கா பஜ்ஜி வெயிட்டு. வச்சிக்கயா, காசு ஒண்ணும் தனியா இல்ல."

"வேணாம் சார், கழட்டிடுங்க."

பாலசுப்ரமணியன் ஒரு மாதிரி பார்த்துவிட்டுக் கேரியரைக் கழற்றி ஆணியில் மாட்டினார். தேசப்பன் திருக்கழுக்குன்றம் வழியாக இருபது மைல் மிதித்துக்கொண்டு வீடு வந்து சேர்ந்தான். வழியெல்லாம் பாட்டு. ஊருக்குள் நுழையும்போது மட்டும் வாய் மூடிக்கொண்டது.

சொர்ணம் வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தாள். பச்சை பெயிண்டைத் தொட்டுப் பார்த்தாள். பெல்லை ஒரு தடவை அடித்துச் சிரித்தாள். அப்புறம் பின்னால் போய் நின்றாள்.

"கேரியரு எங்கயா?"

"இந்த மாடலுக்குக் கேரியரு வராதாம்" என்றான். கூசாமல் சொன்னான். அடப்பாவி, வாயில் வந்ததே!

"அப்டியா?" என்றாள் அவள். "சரி, போ. ஒனக்காவது காலு வலி இல்லாம இருக்கட்டும்."

அவள் அந்த இடத்தில் இரண்டு திட்டுத் திட்டியிருந்தால்கூட அவனுக்குப் பிற்காலத்தில் கொஞ்சம் நிம்மதி கிடைத்திருக்கும்.

மறுநாளிலிருந்து ஒரு வழக்கம் தொடங்கியது. ஐந்தரைக்கு சொர்ணம் கூடையோடு கிளம்புவாள். ஆறே முக்காலுக்கு தேசப்பன் குளித்து, தலை வாரி, காக்கி மாட்டி வண்டியை எடுப்பான். சதுரங்கப்பட்டினம் கோட்டைக்குக் கொஞ்சம் முன்னால் அவளைப் பிடிப்பான். தூரத்தில் இரண்டு கூடைகள் ஆடாமல் அசையாமல் நகர்ந்துகொண்டிருக்கும். பெல் அடிப்பான். அவள் திரும்பமாட்டாள், தலையில் கூடையோடு திரும்ப முடியாது. ஓரமாக ஒதுங்கி வழிவிடுவாள். "பாத்துப் போயா" என்று ஒரு குரல் மட்டும் பின்னால் வரும். சொந்தப் பெண்டாட்டியை வாரத்துக்கு ஆறு நாள் ரோட்டில் முந்திக்கொண்டு போகிற புருஷன்! முதல் வாரம் அவனுக்கு என்னமோ மாதிரி இருந்தது. இரண்டாவது மாசம் அதுவும் போய்விட்டது. எதற்குத்தான் மனுஷனுக்குப் பழகாமல் போகிறது?

ஞாயிற்றுக்கிழமைகள் நன்றாகத்தான் இருந்தன. அதில் பொய் சொல்ல முடியாது. ஐந்து பேரில் அவன்தான் வேகம். "தேசப்பன் வண்டி பறக்குது" என்பார் ராமதாஸ். வேடந்தாங்கலில் கொக்கும் நாரையும் பார்த்தான். திருப்போரூரில் முருகனைக் கும்பிட்டுவிட்டு, வரிசையாக உட்கார்ந்து அவர்கள் டப்பாவில் இருந்து இவனும், இவன் டப்பாவில் இருந்து அவர்களும் எடுத்துச் சாப்பிட்டார்கள். இவன் கொண்டுபோவது எப்போதும் எலுமிச்சை சாதம். மீன் வேண்டாம் என்று அவளிடம் கண்டிப்பாகச் சொல்லியிருந்தான்.

மூன்றாம் வருஷம், மாசி மாசத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்று. கோவளம் போய்விட்டு ஐந்து பேரும் கல்பாக்கத்தைப் பார்த்துத் திரும்பிக்கொண்டிருந்தார்கள். பனந்தோப்பு அருகே எதிரே சொர்ணம் வந்தாள். ஞாயிற்றுக்கிழமை வியாபாரம் முடித்துவிட்டு வீட்டுக்குப் போகிறாள். காலிக் கூடையைத் தலையில் வைத்திருந்தாள். ராமதாஸ் பிரேக் பிடித்துக் காலை ஊன்றினார்.

"அம்மா, மீன் ஏதாவது மிச்சம் இருக்கா? வவ்வால் இருந்தா கொடு."

எல்லாரும் நின்றார்கள். தேசப்பனும் நின்றான். நின்றவன் உடனே குனிந்து செயினைப் பார்க்க ஆரம்பித்தான். நன்றாக இருந்த செயினை விரலால் தடவித் தடவிப் பார்த்தான். இப்போது அவள் "இன்னாயா இங்க நின்னுகினு கீற?" என்று கேட்கப்போகிறாள் என்று காத்திருந்தான்.

சொர்ணம் ஐந்து பேரையும் ஒரே மாதிரி பார்த்தாள். "வித்துப்பூடுச்சு சார்" என்றாள். அவ்வளவுதான். கூடையைச் சரிசெய்துகொண்டு நடந்துபோய்விட்டாள்.

அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போகவே அவனுக்குப் பயம். அவள் சாதம் போட்டாள், குழம்பு ஊற்றினாள். கடைசியில் சொன்னாள்: "அந்த சாரு நல்ல மாதிரியா கீறாரு. வவ்வா வேணும்னா சனிக்கெழமையே சொல்லச் சொல்லு. எடுத்து வைக்கிறேன்." அந்த வார்த்தைக்கு அவன் செத்திருக்கலாம். சாகவில்லை; சாப்பிட்டுவிட்டுக் கையைக் கழுவினான். அதற்கப்புறம் ஞாயிற்றுக்கிழமைகளில் ஏதாவது சாக்குச் சொல்லி டூருக்குப் போவதைக் குறைத்துக்கொண்டான். கேரியர் மட்டும் வரவில்லை. இப்போது போய்ப் போட்டால் அன்றைக்குச் சொன்ன பொய்க்கு என்ன பதில்? அந்த வெட்கத்திலேயே இன்னும் இரண்டு வருஷம் ஓடிவிட்டது.

இதற்கிடையே ஒரு விஷயத்தை அவன் கவனித்தான். முதல் வருஷம் கோட்டைக்குக் கிட்டத்தில் அவளைப் பிடிப்பான் இல்லையா? அப்புறம் பனந்தோப்பு அருகிலேயே பிடித்தான். தன் கால்தான் பலமாகிவிட்டது என்று முதலில் சந்தோஷப்பட்டான், முட்டாள். ஐந்தாம் வருஷம் உப்பனாற்று மதகிலேயே அந்தக் கூடை தெரிந்தது. வீட்டிலிருந்து மூன்றே மைல். அவள் கிளம்புகிற நேரம் மாறவில்லை, அதே ஐந்தரைதான். அவன் கிளம்புகிற நேரமும் மாறவில்லை. கணக்கு அவனுக்கு ஒருநாள் மிதித்துக்கொண்டிருக்கும்போதே விளங்கியது. அவள் நடைதான் வருஷத்துக்கு வருஷம் தளர்ந்துகொண்டே வந்திருக்கிறது.

அந்த வாரமே அது நடந்தது. வசந்தாவுக்குக் காய்ச்சல், வரவில்லை. மதகுக்கு ஒரு மைல் முன்னாலேயே, ரோட்டோர மைல்கல்லில் சொர்ணம் உட்கார்ந்திருந்தாள். கூடை தரையில் இருந்தது.

இறங்கினான். "இன்னா ஆச்சு?"

"ஒண்ணுமில்ல. கழுத்து இழுத்துகிச்சு. எறக்கி வச்சிட்டேன். தூக்கிவுட ஆளு வருமான்னு பாத்துகினு கீறேன்."

"எத்தினி நேரமா?"

"தெரில. சூரியன் தண்ணிலருந்து வெளிய வரச்சொல்ல ஒக்காந்தேன்." சூரியன் இப்போது பனை உயரத்தில் இருந்தது.

தேசப்பன் குனிந்து கூடையைத் தூக்கினான். கல்யாணமாகி எட்டு வருஷத்தில் அந்தக் கூடையை அவன் தூக்குவது அதுதான் முதல் தடவை. இரும்புக் குழாய் தூக்குகிற கை. அந்தக் கையே ஒரு கணம் திணறியது. அவள் குனிந்து சும்மாட்டைச் சரிசெய்தாள். அவள் தலையில் கூடையை ஏற்றிவைத்தான். அவள் கழுத்து நரம்பு புடைத்தது. "பொறப்படு, சங்கு ஊதிடப் போறான்" என்றாள்.

அவனும் புறப்பட்டுவிட்டான்! ஏறி மிதித்து, சங்கு ஊதுவதற்குள் கேட்டுக்குள் நுழைந்துவிட்டான். பிற்பாடு எத்தனையோ தடவை அந்தக் காலையை நினைத்து நினைத்துத் தலையில் அடித்துக்கொண்டிருக்கிறான். ஒரு அரை நாள் சம்பளம். அதற்காக விட்டுவிட்டு வந்தான்.

சாயங்காலம் நேரே புதுப்பட்டினம் மார்க்கெட் முனையில் சைக்கிள் ரிப்பேர் செய்கிற செல்வராஜிடம் போனான். "இந்த வண்டிக்கு ஒரு கேரியர் போடணும்பா."

செல்வராஜ் வண்டியைப் பார்த்ததும் சிரித்துவிட்டான். "இப்பதான் வந்தியா அண்ணாத்த? இதுக்குன்னே வாங்கி வச்சது இங்க அஞ்சு வருசமா தொங்கிகினு கீது."

"இன்னா சொல்ற?"

"வண்டி வாங்குன மாசமே சொர்ணக்கா வந்துச்சு. இந்தப் பச்ச மாடலுக்குக் கேரியரு வராதாமேன்னு கேட்டுச்சு. அதுக்கு நான், யாரு சொன்னதுக்கா அப்டி, பேஜாரா கீது, வண்டியோடயே குடுப்பாங்களே, நீ வண்டிய அனுப்பு, நான் போட்டுத் தரேன்னேன். கொஞ்ச நேரம் நின்னுகினே இருந்துச்சு. அப்புறம், வேணாம் செல்வராசு, நான் கேட்டேன்னு அவருகிட்ட சொல்லிடாதன்னுட்டு பூடுச்சு. எப்பனா வருவீங்கன்னு நான்தான் வாங்கி மாட்டி வச்சேன்."

தேசப்பன் முகத்தில் ஈயாடவில்லை. முதல் மாசமே அவளுக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்துகொண்டேதான் ஐந்து வருஷம் ஒதுங்கி ஒதுங்கி வழிவிட்டிருக்கிறாள்; தெரிந்துகொண்டேதான் "பாத்துப் போயா" என்றிருக்கிறாள். செல்வராஜ் நாலு போல்ட்டை முடுக்க எடுத்துக்கொண்டது ஐந்து நிமிஷம்.

மறுநாள் விடியற்காலை ஐந்தரைக்கு வாசலில் வண்டியோடு நின்றான். சொர்ணம் கேரியரைப் பார்த்தாள். கூடையை அவனும் அவளுமாகத் தூக்கி வைத்துக் கயிற்றால் கட்டினார்கள்.

"முன்னால பார்ல நீ ஏறிக்க" என்றான்.

"நான் நடந்தே வரேன். வசந்தாக்கு இன்னிக்கி தேவலயாம், அவளும் வரா."

"சொர்ணம், செல்வராஜ் சொன்னான். அப்பவே தெரியும்னா ஏன் என்ன ஒரு வார்த்த கேக்கல?"

அவள் சும்மாட்டுத் துணியை உதறித் தோளில் போட்டுக்கொண்டாள். "கேட்டேனே. கடைக்குப் போறதுக்கு முன்னாடியே கேட்டேனே. ரெண்டாவது தபா எதுக்குக் கேக்கணும்?"

கோபமாகக்கூடச் சொல்லவில்லை. அவன் வண்டியை மிதித்தான். கூடையோடு அது அப்படியொன்றும் வேகம் குறைந்துவிடவில்லை. கடைக்காரர் சொன்னது சரிதான். ஆறரைக்குள் மார்க்கெட்டில் இருந்தான். அவள் உட்காருகிற இடத்தைக் கேட்டுத் தெரிந்துகொண்டு, கூடையை இறக்கி, காக்கிச் சட்டையோடு பக்கத்தில் குந்தினான். மீன்காரிகள் ஒருத்தியை ஒருத்தி இடித்துக்கொண்டு சிரித்தார்கள். ஏழரைச் சங்கு ஊதியது. அவன் எழுந்திருக்கவில்லை.

பை எடுத்துக்கொண்டு ஒரு பெண் வந்தாள். ராமதாஸின் மனைவி பிரபாவதி. கல்யாணமாகி இரண்டு வருஷம், குவார்ட்டர்ஸில் பார்த்திருக்கிறான். அவளும் அவனை அடையாளம் கண்டுகொண்டாள்.

"நீங்க அவரோட ஸ்டோர்ல இருக்கறவர்தானே? இது சொர்ணத்தோட கூடையாச்சே?"

"என் சம்சாரந்தாம்மா. வந்துகினு கீறா" என்றான். ஐந்து வருஷமாகத் தொண்டையில் சிக்கிக்கொண்டிருந்த வார்த்தை, சாதாரணமாக வெளியே வந்துவிட்டது.

"சொர்ணமா? வந்த நாள்லேருந்து நான் அவகிட்டதான் வாங்கறேன். வீட்டுக்காரர் என்ன பண்றார்னு எத்தனையோ தடவை கேட்டிருக்கேன். கடலுக்குப் போறார்னுதான் சொல்லுவா."

தேசப்பன் தலை குனிந்துகொண்டான். கூடையில் மீன்களின் கண்கள் அவனையே பார்த்துக்கொண்டிருந்தன.

ஏழே முக்காலுக்கு சொர்ணம் வந்து சேர்ந்தாள். அவனைப் பார்த்து நின்றாள். "சங்கு ஊதிடுச்சே, போவல?"

"போவல."

"எழுந்துரு. மீனு வெயில்ல கெட்டுப்பூடும்." அவன் இருந்த இடத்தில் அவள் உட்கார்ந்து பிரபாவதியிடம் விலை பேச ஆரம்பித்தாள். அவன் வண்டியைப் பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே நின்றான். வாய்விட்டு அழத் தோன்றியது. அத்தனை பேர் நடுவில் அழ வரவில்லை.

"நாளைக்கு நீயும் ஏறிக்க" என்றான் மெதுவாக.

"பாப்பம்" என்றாள்.

அந்த வண்டி இருந்த வரைக்கும் தினமும் கூடை அதில் ஏறியது. சொர்ணம் ஒரு நாளும் ஏறவில்லை. தேசப்பன் தினமும் கேட்டுக்கொண்டுதான் இருந்தான்.